கணினித் திரையின் நகல்: எடுப்பதும் அனுப்புவதும்

சங்கங்களின் கணக்குகள் பேரேட்டை விட்டுக் கணினித் திரைக்குக் குடிபெயர்ந்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி வழிப்படுத்துவதற்காக, 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இசைவளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, சேலை விற்பனை ஆகியவை திரையில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இம்மாறுதலோடு கூடவே, எவரும் சொல்லித் தராமல், ஒரு பழக்கமும் நம் சங்கங்களுக்குள் புகுந்திருக்கிறது. திரையில் தெரிவதைப் படமாகப் பிடித்து மற்றொருவருக்கு அனுப்புவதே அது. காரியதரிசி வங்கிக்கு அனுப்புகிறார். வங்கியார் காரியதரிசிக்கு அனுப்புகிறார்கள். வியாபாரி விற்பனையாளருக்கு அனுப்புகிறார். அங்கத்தினர் தம் குழுவிலுள்ள அனைவருக்கும் அனுப்புகிறார். ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் வவுச்சர் கோப்புகளுக்குள்ளும் இப்படங்களின் அச்சுப் பிரதிகள் தைக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். ஆதலின் இதனைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுதல் பயன் தரும் என்று கருதினோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலப் பெயரையே மக்கள் ‘ஸ்கிரீன்ஷாட்’ என்று வழங்கி வருகிறார்கள். தமிழாக்கம் செய்யப் புகுந்து, ‘திரையின் படம்’ என்பதைச் சேர்த்து எழுதினால் நேயர்கள் சினிமாக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள்! எனவே வழக்கிலுள்ள பெயரையே நாமும் கொள்வோம். வேண்டுமிடத்துத் திரை நகல் என்போம்.

ஸ்கிரீன்ஷாட் என்பது யாது? கணினித் திரை முழுவதும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. இன்று சங்க அலுவலகங்களில் பெரிதும் காணப்படும் திரைகளில் குறுக்காக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் உண்டு. மொத்தம் இருபது இலட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளியும் இந்த நொடியில் என்ன நிறம் காட்ட வேண்டும் என்பது கணினியின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதுதான் ஸ்கிரீன்ஷாட். இதில் காமிராவுக்கு வேலை இல்லை. அதே சமயம், பிரதி எடுக்கப்படுவது புள்ளிகளின் நிறமே ஒழிய, அவற்றின் பின்னால் இருக்கும் கணக்கு அன்று. திரையில் ‘இருப்பு 48,250’ என்று தெரிந்தால் அவ்வெழுத்துகளின் உருவம் படத்தில் வருகிறது. அத்தொகை எந்த வரவுகளால் சேர்ந்தது, யார் பதிந்தார், பிறகு யாரேனும் திருத்தினார்களா என்பவை படத்தில் வருவதில்லை. இவ்வொரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி நாம் சொல்லப்போகும் யாவும் அதிலிருந்தே பெறப்படும்.

இவ்வசதி இன்று நேற்று வந்ததன்று. 1981 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட சொந்தக் கணினியின் விசைப்பலகையிலேயே ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ என்னும் விசை இருந்தது. ஷிப்ட் விசையோடு அதனை அழுத்தினால், திரையிலிருந்த எழுத்துகள் உள்ளபடியே அச்சுப்பொறிக்குச் சென்று காகிதத்தில் பதிந்தன. இன்று அவ்விசையை அழுத்தினால் காகிதம் வருவதில்லை. பெயர் மட்டும் பழமையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

எடுக்கும் முறை எளிது. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் திரை சற்று மங்கும். வேண்டிய பகுதியைச் சுட்டியால் வளைத்துக்கொள்ளலாம். ஆல்ட் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால், நாம் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு சாளரம் மட்டும் நகலாகும். அந்நகல் தற்காலிக நினைவில் நிற்குமாதலால், அதனைக் கடிதத்திலோ ஓவியச் செயலியிலோ ஒட்டிச் சேமித்தல் வேண்டும். விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் முழுத்திரையும் படமாகி, படங்களுக்குரிய கோப்புறையில் ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’ என்ற உள்ளுறையில் தானே போய்ச் சேரும். கைபேசிகளில் பெரும்பாலானவற்றில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

இத்தனை எளிதாயிருந்தும், பல சங்கங்களில் கணினித் திரையைக் கைபேசிக் காமிராவால் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அப்படத்தில் எழுத்து சாய்ந்திருக்கும். ஜன்னல் வெளிச்சம் நடுவில் விழுந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரலை போன்ற கோடுகள் படர்ந்து எண்களை மறைக்கும். இவ்வலைகள் வரும் காரணத்தை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மெல்லிய இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டின் இழைகளும் சற்றே ஒவ்வாமல் அலையலையாகத் தெரியுமன்றோ? திரைக்கு ஒரு புள்ளி வரிசை, காமிராவுக்கு மற்றொரு புள்ளி வரிசை. இரண்டும் மோதி அதே அலையை உண்டாக்குகின்றன. மேனாட்டார் இதற்கு வைத்த ‘மோய்ரே’ என்னும் பெயரும் ஒரு வகைப் பட்டுத்துணியின் பெயரேயாம்.

இனி, ஸ்கிரீன்ஷாட்டினால் சங்கத்துக்கு விளையும் மெய்யான நன்மை எதுவென்று பார்ப்போம். கணினி வந்த பின்பு காரியதரிசிகளுக்கு நேர்ந்த பெருந்தொல்லை, கோளாற்றை எடுத்துச் சொல்ல முடியாமையே. மென்பொருளைச் சீர்செய்பவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். தொலைபேசியில், “ஐயா, ஏதோ எரர் என்று வருகிறது” என்கிறார் காரியதரிசி. “என்ன எரர்?” என்று கேட்கிறார் அவர். ஆங்கிலத்தில் ஏதோ எழுதி வந்ததென்றும், ‘ஓகே’ அழுத்தியதும் போய்விட்டதென்றும் விடை கிடைக்கிறது. இவ்வாறு அரை நாள் கழிகிறது; நகைக்கடன் கேட்டு வந்த விவசாயி திண்ணையில் காத்திருக்கிறார். இத்தகைய இடத்தில் ஒரே ஒரு படம் அரை மணி நேரப் பேச்சுக்கு ஈடாகும்.

ஆயினும் அப்படம் முறையாக எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பிழைச் செய்தி தோன்றியதும் பதறி ‘ஓகே’ அழுத்தாமல், முதலில் நகல் எடுத்துக்கொள்க. செய்திப் பெட்டியை மட்டும் வெட்டி அனுப்பாமல், அது எந்தப் பக்கத்தில், எந்தப் பதிவின்போது வந்தது என்பது விளங்க முழுச் சாளரத்தையும் எடுக்க. கடிகாரமும் தேதியும் திரையின் அடியில் தெரியுமாதலால், கோளாறு நேர்ந்த வேளையைக் காட்ட முழுத்திரை எடுப்பதும் நன்று. சீர்செய்பவர் தம் பதிவேட்டில் அவ்வேளையை வைத்தே தேடுகிறார். அனுப்பும்போது படத்தோடு இரண்டு வரியும் எழுதுக: எதனைச் செய்ய முயன்றோம், எதை எதிர்பார்த்தோம், எது வந்தது. பிழைச் செய்தியில் எண் ஏதேனும் இருந்தால் அதனை எழுத்தாகவும் தட்டச்சு செய்தனுப்புதல் பெரிய உதவி. ஏனெனில் படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறியில் நேரே இட இயலாது. வெறும் படத்தை அனுப்பிவிட்டு ‘பார்க்கவும்’ என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு விடையும் ‘பார்த்தோம்’ என்றே வருகிறது!

அனுப்பும் வழியிலும் ஒரு நுட்பம் உண்டு. படங்களைச் சேமிக்கும் முறைகளில் ஜேபெக், பி.என்.ஜி. என்னும் இரண்டு பெருவழக்கானவை. ஜேபெக் 1992 ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்டது, புகைப்படங்களுக்காகவே அமைந்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்வேற்றுமைகளை விட்டுவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குகிறது. முகமும் வயலும் வானமும் இதனால் கெடுவதில்லை. ஆனால் எழுத்தின் கூரிய விளிம்பு கெடும். விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். 1996 ஆம் ஆண்டில் நிலைபெற்ற பி.என்.ஜி. முறையோ ஒரு புள்ளியையும் இழப்பதில்லை. ஒரே நிறம் தொடர்ந்து வருமிடத்தைச் சுருக்கி எழுதி இடத்தை மிச்சப்படுத்துகிறது. எழுத்தும் கட்டமும் நிறைந்த திரை நகலுக்கு இதுவே ஏற்றது. கணினியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் பி.என்.ஜி.யாகவே சேமிக்கப்படுகிறது. ஆனால் அதனை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் வழியில் சுருக்கப்பட்டுப் போய்ச் சேருகிறது. ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் இணைத்தனுப்பினால் உள்ளது உள்ளபடியே சேரும்.

‘எழுத்து சற்று மங்கினால் என்ன, படிக்க முடிகிறதே’ என்று கேட்கலாம். கூலிப்பட்டியலுக்கு அது பொருந்தும். டிசைனுக்குப் பொருந்தாது. இதனைச் சற்று நின்று விளக்குதல் அவசியம். ஏனெனில் இதனால் நட்டப்பட்ட தறிகளைக் கண்டிருக்கிறோம்.

முன்னாளில் புட்டாவையும் கரையையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் எண்ணி அட்டையில் துளையிட்டார்கள். இன்று அக்கட்டத்தாள் கணினிக்குள் வந்துவிட்டது. டிசைன் கோப்பில் ஒரு புள்ளி என்பது ஒரு கட்டம். குறுக்கே எண்ணினால் ஒரு புள்ளிக்கு ஜக்கார்டில் ஒரு கொக்கி. நெடுக்கே எண்ணினால் ஒரு புள்ளிக்கு ஓர் ஊடை. 240 கொக்கி கொண்ட ஜக்கார்டுக்கு எழுதிய டிசைனில் குறுக்கே 240 புள்ளிகளே இருக்கும். கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. இரண்டே நிறங்கள்: ஒன்று கொக்கி எழும் இடம், மற்றொன்று எழாத இடம்.

இப்போது டிசைனர் திரையில் அதனைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். ஒன்றரை மடங்கு பெரிதாக்கியிருக்கிறார் என்று கொள்வோம். சங்கத்தார் அதனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘இதுவே எங்களுக்கு வேண்டிய புட்டா’ என்று மற்றோர் ஊரிலுள்ள அட்டை அடிப்பவருக்கு அனுப்புகிறார்கள். படத்தில் குறுக்கே 360 புள்ளிகள் ஆகிவிட்டன. அரைப் புள்ளி என்று ஒன்று இல்லாமையால், கணினி ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளியும் அடுத்த கட்டத்துக்கு இரண்டு புள்ளியுமாகப் பகிர்ந்தளிக்கிறது. அல்லது இரண்டு நிறத்துக்கும் இடைப்பட்ட ஒரு சாம்பல் நிறத்தை ஓரத்தில் பூசிவிடுகிறது. அதன்மேல் வாட்ஸப்பின் சுருக்கமும் சேர்ந்தால், இரண்டு நிறமாயிருந்த கோப்பு பல நிறங்களாகப் பெருகி நிற்கும். இந்தச் சாம்பல் புள்ளியில் துளை போடுவதா, வேண்டாவா? அட்டை அடிக்கும் இயந்திரம் யாரைக் கேட்கும்? அவரவர் ஊகப்படி திருத்தியெழுதிய டிசைனில் அன்னத்தின் கழுத்து இரண்டு ஊடை தடித்துவிடும். மாங்காயின் முனை மழுங்கிவிடும். தறியேறிப் பத்து விரற்கடை நெய்த பிறகே அது கண்ணில் படும். அட்டைக் கூலி, காத்திருந்த நாள்கள், பிரித்தெடுத்த சரிகை ஆகியவற்றின் நட்டம் நெசவாளரின் தலையில் விழுகிறது.

ஆகவே டிசைனைத் தெரிவு செய்வதற்கு ஸ்கிரீன்ஷாட் போதும். அட்டை அடிப்பதற்கு மூலக் கோப்பே வேண்டும். தெரிவுக்காகக் காட்டும்போதும் ஓர் எச்சரிக்கை. திரையில் தெரியும் நிறம் நூலின் நிறமன்று. ஒரு திரையில் மாம்பழ மஞ்சளாகத் தெரிவது மற்றொரு திரையில் மஞ்சள் கிழங்காகத் தெரியும். நிறத்தை ஒப்புக்கொள்ள இன்றைக்கும் நூல் மாதிரியைத் தபாலில் அனுப்புவதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. படத்தில் எது வர வேண்டும் என்று சொன்னோம். எது வரலாகாது என்பது அதனினும் முக்கியம். ஓர் அங்கத்தினரின் கடன் கணக்கில் பிழை என்று காட்டத் திரையை எடுக்கிறோம். அதே திரையில் மேலும் பத்துப் பேரின் பெயர், நிலுவை, கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை வரிசையாக நிற்கின்றன. அப்படம் ஒரு குழுவில் இடப்பட்டதும், இன்னார் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இதனால் எத்தகைய தலைகுனிவு நேரும் என்பதைக் கிராமத்தில் வாழ்கிறவர்கள் அறிவார்கள். பேரேட்டைத் தெருவில் விரித்து வைக்க எந்தக் காரியதரிசியும் துணியார். படத்தில் அதையே செய்கிறார் என்பதை உணர்வதில்லை.

மறைத்தனுப்பலாமே என்றால், மறைக்கும் முறையிலும் குறை நேர்கிறது. கைபேசியிலுள்ள ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கி எண்ணின்மேல் தேய்க்கிறார்கள். அப்பேனாவின் மை ஒளி ஊடுருவும் தன்மையது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எண் தலைகாட்டும். கட்டங்கட்டமாகக் கலைத்து மங்கலாக்கும் முறையும் நம்பத்தக்கதன்று. எண்கள் பத்தே, எழுத்துருவும் தெரிந்ததே. ஒவ்வோர் எண்ணையும் அதே வகையில் கலைத்துப் பார்த்து, எது ஒத்திருக்கிறது என்று ஒப்பிட்டால் மூல எண் வெளிப்பட்டுவிடும். முழுக்க நிரப்பிய கறுப்புச் சதுரத்தை வைத்து மறைப்பதே முறை. அதனினும் மேலானது, அப்பகுதி படத்தில் வராதபடி வளைத்தெடுத்தல். ஆதார் எண்ணைப் பொறுத்தவரை, முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் அட்டையையே பெற்றுக்கொள்ள வசதி இருக்கிறது; அதனையே கேட்டு வாங்குதல் நன்று.

வெட்டியெடுத்த படமும் எப்போதும் வெட்டுப்பட்டதாகாது என்பதற்கு 2023 ஆம் ஆண்டில் ஒரு சான்று கிடைத்தது. கூகிள் நிறுவனத்தின் பிக்சல் கைபேசிகளில் படத்தைத் திருத்தும் கருவி, வெட்டிய சிறிய படத்தைப் பழைய பெரிய கோப்பின்மேல் எழுதியது. ஆனால் மிஞ்சிய வாலை அறுக்கவில்லை. சிலேட்டில் பழைய கணக்கை அழிக்காமல் மேற்புறத்தில் மட்டும் புதிய கணக்கை எழுதியது போலாயிற்று. வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதியின் பெரும்பங்கை அவ்வாலிலிருந்து மீட்க முடியும் என்று சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்னும் இருவர் வெளிப்படுத்தினர். விண்டோஸில் உள்ள திரை வெட்டும் கருவியிலும் இதே வகைக் குறை அம்மாதமே கண்டறியப்பட்டது. இரு நிறுவனத்தாரும் 2023 மார்ச் மாதத்திலேயே குறையை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் எடுத்துப் பரப்பிய படங்களை எவர் திரும்பப் பெறுவார்? பழைய கணினிகளை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருக்கும் சங்கங்களும் உள்ளன. அவை இதனைக் கவனிக்க வேண்டும்.

படத்தை இணையத்தில் ஏற்றி அதன் முகவரியை மட்டும் அனுப்பும் இலவச வசதிகளும் இருக்கின்றன. முகவரி தெரிந்தவர் எவரும் அப்படத்தைக் காணலாம். சில வசதிகளில் அம்முகவரி ரசீது எண்போல வரிசையாகவே அமைந்திருந்தது. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டால் முன்பின் அறியாதவர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. சங்கத்தின் ஏடுகளை இத்தகைய இடங்களில் ஏற்றுதல் தகாது. வங்கிச் செயலிகள் சிலவற்றில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முயன்றால் கறுப்புப் படமே வருகிறதென்று சிலர் குறைப்படுகிறார்கள். அது கோளாறன்று, காவல். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலி தன் திரையை நகலெடுக்கலாகாது என்று தடுத்து வைக்க வழியுண்டு.

இப்போது பணத்தின் விஷயத்துக்கு வருகிறோம். 2016 ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்த பின்பு விற்பனை நிலையங்களில் சில்லறைத் தொல்லை நீங்கியது. கல்லாவில் ரொக்கம் தேங்குவதும் குறைந்தது. இது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பணம் வந்ததற்குச் சான்றாகப் பல இடங்களில் வாடிக்கையாளர் காட்டும் திரையோ, அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டோ கொள்ளப்படுகிறது. பச்சை வட்டமும் சரி என்ற குறியும் தொகையும் தேதியும் கண்டதும் பொட்டலம் கை மாறுகிறது.

நாம் ஆய்வு செய்த ஒரு நெசவாளர் சங்கத்தில் மூன்று பட்டுச் சேலைகளுக்கு உரிய தொகை நாட்குறிப்பில் வரவாகியிருந்தது. வங்கிக் கணக்கு அறிக்கையில் அவ்வரவைக் காணோம். விற்பனையாளரை விசாரித்தபோது அவர் தம் கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். பணம் செலுத்தியவரின் பெயர், தொகை, சங்கத்தின் பெயர், பன்னிரண்டு இலக்கக் குறிப்பெண் எல்லாம் அதில் ஒழுங்காகவே இருந்தன. அக்குறிப்பெண்ணை வங்கியில் கேட்டபோது அப்படி ஒரு பரிமாற்றமே இல்லை என்று விடை வந்தது. படம் முழுவதும் செய்தெடுத்தது. வந்தவர் கூட்டம் மிகுந்த பண்டிகை நாளாகப் பார்த்து வந்திருக்கிறார். இணையம் மெதுவாக இருக்கிறதென்று சொல்லிப் படத்தை அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார். அவ்விற்பனையாளர் நாணயமானவர்; பதினேழு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறவர். ஆயினும் சரக்குக்கும் பணத்துக்கும் அவரே பொறுப்பாளர். மாதந்தோறும் அவருடைய சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்து அத்தொகை ஈடுகட்டப்பட்டது.

இத்தகைய படத்தைச் செய்வதற்குக் கைத்திறன் வேண்டியதில்லை. பெயரும் தொகையும் நிரப்பினால் பணம் செலுத்திய திரைபோலவே காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. போலியல்லாத படமும் ஏமாற்றக்கூடும்: நேற்றைய படத்தை இன்று காட்டலாம், ‘நிலுவையில் உள்ளது’ என்னும் சிறு எழுத்தை வெட்டிவிட்டுக் காட்டலாம். என்.இ.எஃப்.டி. வழியில் பணம் அனுப்பும் மொத்த வியாபாரி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் ‘கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்றிருக்கும். அம்முறையில் பரிமாற்றம் அரை மணிக்கு ஒரு தொகுதியாகத் தீர்க்கப்படுகிறது. கோரிக்கை ஏற்கப்பட்டதென்றால் நம் கணக்கில் சேர்ந்துவிட்டதென்று பொருளாகாது. கணக்கு எண் தவறாயிருந்தால் அத்தொகை அனுப்பியவருக்கே திரும்பியும் போகும்.

ஆகையால், பணம் வந்ததா என்பதற்கு அனுப்பியவரின் திரையைப் பாராமல் நம் கணக்கையே பார்க்க வேண்டும். சங்கத்தின் வங்கிச் செயலியில் வரவு தெரிகிறதா, கடையில் வைத்துள்ள ஒலிபெருக்கிப் பெட்டி தொகையைச் சொல்லிற்றா என்று பார்த்த பின்பே சரக்கை நீட்டுக. வாடிக்கையாளர் அவசரப்பட்டால், ‘அண்ணா, எங்கள் பக்கம் இன்னும் ஏறவில்லை, ஒரு நிமிஷம் உட்காருங்கள்’ என்று பணிவாகச் சொன்னால் நல்லவர் எவரும் கோபியார். மாலையில் கணக்கு முடிக்கும்போது பில்லின் பின்புறத்தில் எழுதிய பன்னிரண்டு இலக்கக் குறிப்பெண்ணை வங்கி அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து டிக் போடுக. வவுச்சர் கோப்பில் ஸ்கிரீன்ஷாட்டின் அச்சுப் பிரதியைத் தைப்பதை நாம் குறை சொல்லவில்லை. அதன் அருகில் வங்கி அறிக்கையின் பக்கமும் இல்லாவிட்டால் அதனைத் தணிக்கையில் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையே சொல்கிறோம்.

வழக்குக்கு உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 90 ஆவது பிரிவின் கீழ் வரும் தாவாவிலும், நீதிமன்றத்திலும் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டத் தடையில்லை. ஆனால் காட்டுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக ஏற்க ஒரு சான்றிதழ் வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டிலேயே பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அச்சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 63 ஆவது பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழுக்குப் படிவமும் வகுக்கப்பட்டுள்ளது. அதில் ஒரு பகுதியைச் சான்றைக் கொண்டுவருபவரும் மற்றொரு பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணித்துப் பெறும் ‘ஹாஷ்’ எண்ணையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் மாறிவிடும்.

இதிலிருந்து சங்கத்தார் செய்ய வேண்டியது விளங்குகிறது. பின்னாளில் தகராறு வரக்கூடும் என்று தோன்றும் படத்தை வாட்ஸப்பில் சுற்றி வந்த பிரதியாக வைத்திருப்பது பயன்படாது. சுருக்கப்பட்ட பிரதியின் ஹாஷ் எண் வேறு, மூலத்தின் எண் வேறு. எடுத்த கைபேசியிலோ கணினியிலோ மூலக் கோப்பை வெட்டாமல், வண்ணம் பூசாமல், பெயர் மட்டும் மாற்றாமல் இருந்தபடியே வைத்து, அதன் ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்துப் பீரோவில் பூட்டி, எடுத்தவர் யார், எந்தத் தேதியில், எந்தக் கருவியில் என்பதைத் தீர்மானப் புத்தகத்திலோ கடிதப் பதிவேட்டிலோ ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். செய்தியாக வந்தது தகராறுக்குரியதானால், செய்தியையே அழியாமல் காப்பது ஸ்கிரீன்ஷாட் எடுப்பதினும் மேல்.

மற்றப்படி அன்றாடம் எடுக்கும் படங்களைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. பல சங்கக் கணினிகளில் ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’ உறையைத் திறந்தால் மூன்றாண்டுப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. பாஸ்புக் முகப்பு, ஆதார், நகை மதிப்பீடு எல்லாம் அவற்றில் உண்டு. காரியதரிசியின் சொந்தக் கைபேசியில் எடுத்தவை அவருடைய குடும்பப் படங்களோடு சேர்ந்து இணையக் கிடங்குக்கும் தாமே ஏறியிருக்கும். கோளாறு தீர்ந்ததும் அதற்காக எடுத்த படத்தை அழித்துவிடலாம். மாதக் கடைசியில் ரொக்க இருப்புச் சரிபார்க்கும் நாளிலேயே இவ்வுறையையும் திறந்து, வேண்டாதவற்றை நீக்கி, அழித்தவை போய்த் தங்கும் குப்பைத் தொட்டியையும் காலி செய்வதென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. அடுத்த ஆய்வின்போது நாமும் இவ்வுறையைத் திறந்து பார்க்கக் கேட்போம்.